மெஷின் வந்தது, பசி குறையவில்லை

ஒரு ஏக்கர் சம்பாவை அறுத்து, அடித்து, நெல்லைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க இன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். தை மாதத்தில் ஒரத்தநாடு பக்கமோ மன்னார்குடி பக்கமோ போகிறவர்கள் இதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். செயின் பூட்டிய அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. நெல் டிராக்டர் டிப்பரில் கொட்டுகிறது, வைக்கோல் பின்னால் வரிசையாக விழுகிறது. நிலத்துக்காரர் வரப்பில் நின்றபடி, கொள்முதல் நிலையத்தில் எப்போது மூட்டை போடலாம் என்று செல்போனில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய அப்பா காலத்தில் அதே ஏக்கருக்கு ஓர் ஆள்படை தேவைப்பட்டது. கருக்கரிவாளோடு குனிந்து அறுத்து, அரி அரியாகப் போட்டு, கட்டுக் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியே களத்துமேட்டுக்கு நடக்க வேண்டும். அங்கே கட்டடிக்க வேண்டும், வைக்கோலை மாடு விட்டுப் போரடிக்க வேண்டும், காற்று பார்த்துத் தூற்ற வேண்டும். அதற்கு முன்பு நாற்றுப் பறிப்பு, நடவு, இரண்டு களை. உழவை மட்டும் எடுத்துக்கொண்டாலே கணக்கு மலைக்க வைக்கும். ஒரு சாலின் அகலம் 20 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு ஏக்கரை ஒரே ஒரு முறை உழுது முடிக்க மாட்டின் பின்னால் 20 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். அதுவும் கணுக்கால் புதையும் சேற்றில், மேழியை அழுத்திப் பிடித்தபடி. நெல் வயலுக்கு ஒரு உழவோடு வேலை முடிவதும் இல்லை.

இன்று காவிரி டெல்டாவில் 45, 50 வயதில் இருப்பவர்கள் இரண்டு காலத்தையும் கண்டவர்கள். பள்ளிக்கூட விடுமுறையில் நாற்று முடி சுமந்தார்கள், வாலிபத்தில் சைக்கிளில் வயலுக்குப் போனார்கள். இப்போது டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் போய் வரப்பு முனையில் இறங்குகிறார்கள். சிலர் வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் மோட்டாரைப் போடுகிறார்கள். நிலத்தை விட்டுக் கும்பகோணத்தில் கடை வைத்தவர்கள், தஞ்சாவூரில் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரின் உடல் உழைப்பு இன்னும் குறைவு. ஆனால் மதியச் சாப்பாட்டில் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்ளும் வழக்கம் அப்படியே இருக்கிறது. நடுத்தர வயதில் டெல்டா மனிதரின் உடம்புக்கு வந்திருக்கும் சங்கடத்தின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

உழைப்பு குறைந்தால் பசியும் தானாகக் குறைந்துவிடாதா? இந்தக் கேள்விக்கு 1956-லேயே இந்திய மண்ணிலிருந்து ஒரு பதில் வந்தது. கல்கத்தா அருகே செங்கைல் என்ற ஊரிலிருந்த சணல் ஆலையில், ஊட்டச்சத்து அறிஞர் ஜான் மேயரும் அவருடன் பணியாற்றிய வங்காள ஆய்வாளர்களும் 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் அளந்தார்கள். மூட்டை தூக்குபவர் முதல் உட்கார்ந்தே இருக்கும் மேற்பார்வையாளர், கடைக்காரர் வரை எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். இலேசான வேலை, நடுத்தர வேலை, கடும் வேலை என்று போகப்போகச் சாப்பாட்டின் அளவும் கூடியது, எடை ஏறவில்லை. உடம்பு செலவுக்குத் தக்க வரவு வைத்துக்கொண்டது. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்களிடம் இந்தக் கணக்கு உடைந்து போயிற்று. அவர்கள் இலேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக இருந்தது. அசைவு ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால் பசி அதைக் கண்டுகொள்வதில்லை என்பதே மேயர் எடுத்த முடிவு. அறுவடை இயந்திரம் வந்த செய்தி வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை.

இதற்காக அந்தக் காலமே ஆரோக்கியக் காலம் என்று ஏங்குவது பெரிய தவறு. தஞ்சை மண்ணின் உழைப்பில் பெரும் பகுதி பண்ணையாட்களின் உழைப்பு. சாகுபடிதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்க 1952-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது என்றால், அவர்கள் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ளலாம். நாள் முழுக்கக் குனிந்து நட்டவர்களின் இடுப்பும் முழங்காலும் என்ன ஆயின என்பதை இன்று 70 வயதைத் தாண்டிய பாட்டிமார்களிடம் கேட்டாலே தெரியும். மருத்துவ ஆய்வும் அதையே சொல்கிறது. கிட்டத்தட்ட 2 லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2018-ல் வெளியான ஆய்வில், கடுமையான உடல் உழைப்பு வேலை பார்த்த ஆண்கள், இலேசான வேலை பார்த்தவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஓய்வில்லாமல், விருப்பமில்லாமல், மணிக்கணக்கில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது உடற்பயிற்சி ஆகாது. இதயம் ஏறி இறங்க வேண்டும், தசை களைத்து ஓய்ந்து மறுபடி வளர வேண்டும். அதற்கு ஓய்வும் சத்தான உணவும் கூடவே வேண்டும். ஆகவே மெஷின் வந்தது நல்லதே. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் தெரிந்தே நிரப்ப வேண்டியதுதான் இப்போது பாக்கி.

'நாற்பதைத் தாண்டினால் உடம்பு மந்தமாகிவிடும், அதனால் தொப்பை விழுகிறது' என்று டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை எல்லோரும் சொல்கிறார்கள். 2021-ல் சயின்ஸ் இதழில் ஹெர்மன் போன்ட்ஸரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. பிறந்து 8 நாளே ஆன குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு நாளில் எவ்வளவு சக்தி செலவழிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். உடல் அளவுக்கும் தசை அளவுக்கும் ஈடு செய்து பார்த்தபோது, 20 வயதிலிருந்து 60 வயது வரை உடம்பு எரிக்கும் சக்தி ஏறக்குறைய மாறாமலே இருந்தது. 60-க்குப் பிறகுதான் மெல்லச் சரிகிறது. அப்படியானால் 45 வயதில் வேட்டி இடுப்பில் நிற்காமல் போவதற்கு வயது காரணமல்ல. குறைந்தது அசைவும் தசையும்தான்.

தசை என்றதும் பயில்வான்கள் நினைவுக்கு வருவது இயல்பு. சர்க்கரை நோய் நிபுணருக்கோ தசை என்பது சர்க்கரை போய்ச் சேரும் இடம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை இன்சுலினின் உதவியோடு உள்ளே இழுத்துக்கொள்வது எலும்பைப் பற்றியிருக்கும் தசைதான். நடுத்தர வயது தொடங்கி, பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது. கரைந்த இடத்தில் கொழுப்பு புகுந்துகொள்வதால் தராசில் எடை மாறாமலே இருக்கலாம். ஒரே குதிரில் வருஷா வருஷம் அதே அளவு நெல்லைக் கொட்டிக்கொண்டு, அந்தக் குதிரின் அளவை மட்டும் சிறிதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகுமோ அதுதான் ரத்தத்திலும் நடக்கிறது. இடமில்லாத குளுக்கோஸ் ரத்தத்திலேயே தங்குகிறது, மிச்சம் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பாகிறது.

நம்மவர்களுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004-ல் லான்செட் இதழில் வெளியாகி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியான கை கால், சிறிய தொப்பை என்று டெல்டாவின் எந்தத் தெருவிலும் பார்க்கிற உடல்வாகு இதுதான். அதனால்தான் எடை பார்க்கும் மெஷினைவிட டெய்லரின் டேப் நமக்கு நம்பகமானது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் உள்ளே கொழுப்பு சேர்கிறது என்று பொருள். மேல்நாட்டவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பைவிட இது குறைவு.

இதன் விளைவை எண்கள் காட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் 1,13,043 பேரைச் சோதித்து 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். நோயின் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பும் இருப்பது தெரிந்தது. அதைவிடக் கவலை தரும் செய்தி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது இந்த நிலையை மாற்றத்தான்.

மாத்திரைக்கு முந்தைய கட்டத்தில் என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னையிலிருந்தே ஒரு பெரிய சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர், சராசரி வயது 46. பெரும்பாலும் மத்தியதர வர்க்கத்து மனிதர்கள். எந்த மாற்றமும் செய்யாத பிரிவில் மூன்றே ஆண்டுகளில் 55 சதவீதம் பேர் நோயாளிகளாகிவிட்டார்கள். தினமும் குறைந்தது அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்து, சாப்பாட்டை மாற்றிக்கொண்ட பிரிவில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே பலன்தான், 40.5 சதவீதம். இதில் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப் போயிற்று.

'ஒரு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையல' என்று சலித்து நிறுத்துகிறவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது 50 கலோரி அளவுதான். மூன்று முறை போட்டுக்கொள்ளும் சோறு அரைக் கிலோ இருந்தால் அதில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதை நடந்தே கரைக்க 12 கிலோமீட்டர் போக வேண்டும். ஏர் பிடித்து 20 கிலோமீட்டர் நடந்த தாத்தாவுக்கு அந்தச் சோறு சரியாக இருந்தது. பேரனுக்கு நடைப்பயிற்சி தருவது வேறொரு லாபம். தசை சுருங்கி விரியும்போது அதற்குள் இருக்கும் குளுட்-4 என்ற புரதம் இன்சுலினுக்குக் காத்திராமலே செல்லின் மேல்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இந்தக் கதவு திறக்கிறது. அதனால்தான் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்து வந்தாலே ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் கண்கூடாகத் தணிகிறது. மதியம் சாப்பிட்டதும் பாயை விரித்துப் படுப்பது, அறுப்பு முடித்து வந்த உடம்புக்குத் தேவைப்பட்ட வழக்கம். கல்லாவிலோ நாற்காலியிலோ காலை முழுக்க உட்கார்ந்திருந்த உடம்புக்கு அது கெடுதல்.

நடை ஒரு பாதி. மறுபாதி தட்டில் இருக்கிறது.

டெல்டாக்காரரிடம் சோற்றை நிறுத்தச் சொல்வது நடக்கிற காரியமல்ல, தேவையும் இல்லை. மூன்று முறை சோற்றை ஒன்றரை முறையாக்கி, காலியாகும் இடத்தில் என்ன வருகிறது என்பதே விஷயம். பல வீடுகளில் பொரியல் ஒரு கரண்டி, கூட்டு இருந்தால் ஒரு கரண்டி, குழம்பில் மிதக்கும் பருப்பு கொஞ்சம். அந்தக் கரண்டிகள்தான் பெருக வேண்டும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று நியூயார்க்கிலுள்ள வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வு 2015-ல் காட்டியது. 11 பேரை வைத்துச் செய்த மிகச் சிறிய ஆய்வுதான். ஆனாலும் பைசா செலவில்லாமல் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய யோசனை. பொரியலையும் கூட்டையும் பாதி காலி செய்துவிட்டுச் சோற்றில் கை வைத்தால் இரண்டாவது முறை கேட்கும் தேவையே பலருக்கு வராது.

அரிசியும் முன்பிருந்த அரிசி இல்லை. தவிடு எவ்வளவுக்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு சோறு வேகமாகச் சர்க்கரையாகிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வுகள் இதை அளந்து காட்டியிருக்கின்றன. திருத்துறைப்பூண்டியில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன் மீட்டுக்கொடுத்த மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் இன்று டெல்டாக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அவர் செய்தது மகத்தான வேலை. ஆனால் பாரம்பரிய அரிசி என்ற பெயருக்காக மட்டும் அதை மூன்று முறை போட்டுக்கொள்ள முடியாது. கிராமுக்குக் கிராம் அதன் கலோரியும் ஏறக்குறைய அதேதான். தவிட்டோடு, அளவாகச் சாப்பிட்டால்தான் அதன் நன்மை உடம்பில் சேரும். பட்டை தீட்டி வெள்ளையாக்கிவிட்டால் பெயரில் மட்டுமே பாரம்பரியம் இருக்கும்.

புரதத்துக்கு டெல்டா எங்கேயும் போக வேண்டாம். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது இங்குள்ள பழைய வழக்கம். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் குடித்தே, உழவு இல்லாமல் அது முளைத்து வளரும். ஆள் வைத்து அறுத்தபோது முளைவிட்ட பயறுக்கு ஒன்றும் ஆகாது. அரிவாள் மேலே போகும், முளை கீழே இருக்கும். அறுவடை இயந்திரம் இறங்கும்போது அந்த இளம் முளைகள் செயினுக்கு அடியில் நசுங்குகின்றன. நெல் தரிசுப் பயறு சாகுபடி பல இடங்களில் சுருங்கியதற்கு வேளாண் ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. மனிதனின் அசைவைக் குறைத்த அதே இயந்திரம் அவன் வயலின் பருப்பையும் குறைத்திருக்கிறது. வேலைப்பளுவைப் பற்றிய பேச்சில் இந்த இழப்பு அடிபடுவதே இல்லை. அறுவடை முடிந்தபின் தெளித்தாலும் ஈரம் இருந்தால் பயறு வரும். அப்படி விளைவதில் வீட்டுக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பரிந்துரைத்தது. 65 கிலோ எடையுள்ளவருக்கு அது 54 கிராம். 100 கிராம் உளுந்திலோ பச்சைப்பயறிலோ 24 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. தெளிந்த சாம்பாரும் ரசமும் மட்டும் இந்தக் கணக்கை எட்டாது. காலையில் பயறுச் சுண்டல், மதியம் கெட்டியான பருப்பு, இரவில் முட்டையோ ஆற்றுக் கெண்டையோ, மோருக்குப் பதில் கொஞ்சம் தயிர் என்று சேர்த்தால் எட்டும். பச்சைப்பயறிலிருந்தே செய்வதுதான் என்றாலும் திருவையாற்று அசோகாவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதிலுள்ள நெய்யும் சர்க்கரையும் பயறை மிஞ்சிவிடும்.

புரதம் தசையாக வேண்டுமானால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நடை மட்டும் அதற்குப் போதாது. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் நடைப்பயிற்சிக்காரர்கள் பெருகியிருக்கிறார்கள், இரண்டாவது பாதியைச் செய்கிறவர்கள் மிகச் சிலர். அதற்கு ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது, முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு பஸ்கி, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது. கர்லாக்கட்டை சுற்றத் தெரிந்த ஆசான்கள் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம்.

இனிமேல் என்ன வரப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு 1990-ல் வெளியான ஒரு ஆய்வு. பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேர், சராசரி வயது 90. மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் அவர்களுக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தசை எந்த வயதிலும் கேட்கும். இதயம் அப்படி இல்லை, அதற்குக் காலக்கெடு இருக்கிறது. டல்லாஸில் பெஞ்சமின் லெவைன் குழுவினர் 45 முதல் 64 வயது வரையுள்ள, உட்கார்ந்தே பழகியவர்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் நான்கைந்து நாள், அதில் சில நாள் நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி. விறைத்துப்போகத் தொடங்கியிருந்த இதயத் தசையின் விறைப்பு 25 சதவீதம் குறைந்தது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 18 சதவீதம் கூடியது. யோகாவும் சமநிலைப் பயிற்சியும் செய்த ஒப்பீட்டுப் பிரிவில் இந்த மாற்றம் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களிடம் இதே குழு முன்பு ஓர் ஆண்டு முயன்றபோது விறைப்பு இளகவே இல்லை. ஐம்பது வயதில் தொடங்குவதும் எழுபதில் தொடங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எவ்வளவு நடப்பது? 10,000 அடி என்ற எண் மருத்துவமனையிலிருந்து வரவில்லை, 1965-ல் ஜப்பானின் யமாசா நிறுவனம் தன் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. ஐ-மின் லீ என்ற ஆய்வாளர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களில், தினமும் 4,400 அடி நடந்தவர்களுக்கே மரண ஆபத்து கணிசமாகக் குறைந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பத்தாயிரம் முடியவில்லையே என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

தஞ்சாவூரில் விடியற்காலையில் அன்னை சத்யா விளையாட்டரங்கத்திலும் புது ஆற்றுக் கரையிலும் நடப்பவர்களைப் பார்க்கலாம். பெரிய கோவிலின் வெளித் திருச்சுற்று ஏறக்குறைய 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்டது. மதிலோரமாக மூன்று சுற்று வந்தால் 2 கிலோமீட்டரை நெருங்கிவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அங்கே வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். நெடுநாள் சர்க்கரை இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெயில் ஏறிய கல்லில் நடந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் புண்ணாக்கிக்கொள்வது உண்டு. அவர்களுக்குச் செருப்போடு நடக்கும் இடமே பாதுகாப்பு. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களும், நெஞ்சில் இறுக்கம் வந்து பழகியவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

தொடங்குவதைவிடத் தொடர்வது கடினம் என்பது எல்லோரும் அறிந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி 96 பேரைக் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. தினமும் ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் பழக்கம் வேகமாக ஒட்டுகிறது. காலை டீ குடித்து டம்ளரை வைத்ததும் பத்து முறை உட்கார்ந்து எழுவது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருமுனை வரை போய் வருவது, மடை பார்க்கப் போகும்போது வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு மீதியை வரப்பில் நடப்பது என்று. நினைவூட்ட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. ராமச்சந்திரன் குழுவினர் 35 முதல் 55 வயதுள்ள 537 ஆண்களிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்குச் செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் தொடர்ந்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் அவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. குறுஞ்செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு வந்தது.

இத்தனையும் சொன்ன பிறகும் பாதிப் பேருக்கு, அதாவது பெண்களுக்கு, ஒரு தடை பாக்கி இருக்கிறது. தமிழ்நாடும் இடம்பெற்ற ஒரு பெரிய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அதில் போதிய அசைவு இல்லாதவர்கள் 54.4 சதவீதம். ஆண்களைவிடப் பெண்கள் கூடுதல். பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்கியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. நடவு போய்விட்டது, தண்ணீர்க் குடம் குழாயாகிவிட்டது, மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பும் தசையும் வேகமாகக் கரைகின்றன. ஆனால் 48 வயதுப் பெண் ஒருவர் விடியற்காலை ஐந்தரை மணிக்கு இருட்டான வாய்க்கால் கரையில் தனியாக நடக்க முடியாது. நடந்தால் 'எங்கே கிளம்பிட்ட?' என்று கேட்கும் தெரு. அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கிவைத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் வலங்கைமானிலோ திருவிடைமருதூரிலோ ஒரு சிற்றூரில் இருக்கும் பெண் அந்தப் பாதைக்குப் பஸ் ஏறியா போவார்?

அவருக்கு வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கிலோமீட்டர். முள் வெட்டிய வாய்க்கால் கரை, ஐம்பது மீட்டருக்கு ஒரு விளக்கு, கூட நடக்க மகளிர் குழுவிலிருந்து நான்கு பேர். இது ஊராட்சியின் கைக்குள் அடங்கிய செலவு. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த முறை கூடும்போது குடிநீர், சாலையோடு இதையும் ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.